பாமீர் சாலையும் பின்சக்கரமும்

தஜிகிஸ்தானின் ஹோரோக்கிலிருந்து கிர்கிஸ்தானின் ஓஷ் வரை, பாமீர் சாலை எனப்படும் எம்41 சுமார் 700 கிலோமீட்டர். அக்பைத்தால் கணவாய் 4,655 மீட்டர் உயரம். வழியில் சைக்கிள் கடையை நம்பிப் போகாதீர்கள்.

தனியாகப் போகிறவரை அதிகம் படுத்துவது பின்சக்கரம். சுமையில் பெரும்பங்கு அதன்மேல்தான். கியர் தட்டுகளுக்கு இடம்விட வேண்டியிருப்பதால் வலப்பக்கப் போக்ஸ் கம்பிகள் செங்குத்தாக, அதிக இறுக்கத்தில் நிற்கும். கரடுமுரடான சாலையில் ஒவ்வொரு சுற்றிலும் இறுகித் தளர்ந்து, சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பின் ஓட்டையை ஒட்டிய வளைவில் அறுந்துவிடும். கியர் தட்டுகளைக் கழற்றாமல் புதுக்கம்பி நுழையாது. அதனால் கழற்றும் குட்டிச் சாவி கட்டாயம் வேண்டும். பலர் மறப்பது அதைத்தான்!

36 கம்பிச் சக்கரமே நல்லது. முன், பின்-இடம், பின்-வலம் மூன்றுக்கும் கம்பி நீளம் வேறுபடலாம்; அளந்து வாங்குங்கள். வலத்துக்கு நான்கு, மற்றவற்றுக்கு இரண்டிரண்டு போதும். சட்டத்தோடு டேப் போட்டு ஒட்டிவிடலாம்.

மாற்றும்போது பக்கத்துக் கம்பிகள் போகிற பின்னலைப் பார்த்து அதேபோல் கோத்துவிடுங்கள். கம்பியின் வெளிநுனியில் இருக்கும் திருகு நட்டான நிப்பிளைக் கால் சுற்று, கால் சுற்றாகத்தான் முறுக்க வேண்டும். விரலால் மீட்டிப் பாருங்கள்: அதே பக்கத்துக் கம்பிகளின் சுருதி வந்தால் இறுக்கம் சரி. பிரேக் கட்டையை அளவாக வைத்துக் கோட்டம் எடுங்கள்.

செலவு குறைய, பெட்ரோலில் எரியும் அடுப்பு எடுத்துப் போங்கள். கேஸ் குப்பியைத் தேடி அலைய வேண்டாம். வீட்டுத் தங்கல்களுக்கு ரொக்கமாக தஜிகிஸ்தான் பணமான சோமோனி வேண்டும், ஹோரோக்கிலேயே எடுத்துவிடுங்கள்.