அழைப்புக்காகக் காத்திருந்த மாணவி

இறுதியாண்டு வேதியியல் மாணவி ஒருத்தி, மேற்படிப்புக்கான விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "ஐயா, எனக்கு இன்னும் தேவ அழைப்பு வரவில்லையே, எதை நம்பி இதை நிரப்புவது?" என்று கேட்டாள். கிறிஸ்தவக் கல்லூரியில் பல ஆண்டுகளாகப் பாடம் நடத்தும் எனக்கு இது புதிய கேள்வியல்ல. ஆனாலும் அந்தக் கவலையை அவளுக்குக் கற்றுக்கொடுத்ததில் எங்களுக்கும் பங்கு உண்டு என்ற உறுத்தல் ஒவ்வொரு முறையும் எழுகிறது.

சிற்றாலய ஆராதனையில் 'அழைப்பு' என்றால் குருப்பணியும் மிஷனெரி ஊழியமும்தான். வேலைவாய்ப்புப் பிரிவின் கூட்டத்திலோ அது நல்ல சம்பளத்துக்குப் பூசிய பக்தி மெருகு. முதலாவது குறுக்கலை 16ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மன் சமயச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் எதிர்த்தார். துறவியருக்கும் குருக்களுக்கும் மட்டுமே இறையழைத்தல் உண்டு என்றிருந்த நிலையில், தகப்பனும் வேலைக்காரியும்கூடத் தங்கள் அன்றாடக் கடமையிலேயே அயலாருக்குப் பணிசெய்ய அழைக்கப்பட்டவர்கள் என்றார். ஜெர்மன் மொழியில் இன்று தொழிலைக் குறிக்கும் 'பெரூஃப்' என்ற சொல் 'கூப்பிடு' என்னும் வேரிலிருந்து வந்தது. அந்தப் பொருள் நிலைத்ததில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு.

இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அழைக்கப்பட்ட நிலையிலேயே நிலைத்திருக்கும்படி அப்போஸ்தலர் பவுல் வேதாகமத்தின் 1 கொரிந்தியர் நிருபம் 7ஆம் அதிகாரத்தில் எழுதியதைக் காட்டி அடிமைகளை அடங்கியிருக்கச் சொன்னவர்கள், விடுதலை கிடைக்குமானால் அதை நாடலாம் என்று அடுத்த வசனத்திலேயே அவர் சொல்வதை வசதியாக விட்டுவிட்டார்கள். ஆசிரியப் பணி வேலையல்ல, அழைப்பு என்று சொல்லி ஊதிய உயர்வைத் தள்ளிப்போடும் நிர்வாகங்களுக்கும் இதே மறதிதான்.

அவளிடம் இவ்வளவும் பேசவில்லை. வேதாகமத்தில் வரும் சிறுவன் சாமுவேலின் கதையை மட்டும் நினைவூட்டினேன். கடவுளின் குரல் கேட்டதும், கூப்பிட்டது ஆசாரியர் ஏலி என்று எண்ணி, மூன்று முறையும் சிறுவன் அவரிடமே ஓடினான். கண் மங்கிய அந்தக் கிழவருக்கோ மூன்றாம் முறைதான் விஷயம் பிடிபட்டது. கேட்டவனுக்குப் புரியவில்லை, புரிந்தவருக்குக் கேட்கவில்லை. இந்த இருவரும் ஒரே கூரையின்கீழ் இருப்பதற்காகத்தான் கல்லூரி என்று நினைக்கிறேன். ஆகவே நான் கண்டதைச் சொன்னேன்: ஆய்வு வகுப்பு முடிந்து மற்றவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட, அவள் மட்டும் பியூரெட் என்னும் அளவுக்குழாயைக் காய்ச்சி வடித்த நீரால் அலசித் தாங்கியில் தலைகீழாகப் பொருத்திவிட்டு, முதலாமாண்டு மாணவர் ஒருவருக்குக் கணக்கு எங்கே தவறியது என்று குறிப்பேட்டில் விரல்வைத்துக் காட்டிக்கொண்டிருப்பாள்.

"அது சும்மா உதவிதானே, ஐயா?" என்றாள். விண்ணப்பத்தை அன்று அவள் நிரப்பவில்லை; கடைசித் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.