ஆய்வேட்டில் 143 படங்கள்: எண் போட்டு முடித்த கதை

கடலூர்க் கரையோர மீனவர்களின் படகுகளையும் வலைகளையும் பற்றிய என் முனைவர் பட்ட ஆய்வேட்டில் மொத்தம் 143 படங்கள். தாழங்குடா, தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, சோனாங்குப்பம், ராசாப்பேட்டை என்று ஞாயிற்றுக்கிழமைகளில் அலைந்து எடுத்தவை. பள்ளிக்கூட வேலைக்கு நடுவே பகுதி நேரமாகச் செய்த ஆய்வு, அதனால் ஞாயிறு தவிர வேறு நாள் கிடையாது. எடுக்கும்போது வெயில் தெரியவில்லை. அவற்றுக்கு எண் போடும்போதுதான் கண்ணைக் கட்டியது.

எல்லாம் நெறியாளரின் ஒரு கேள்வியில் ஆரம்பித்தது. மூன்றாம் இயலைப் புரட்டிக்கொண்டே, "கட்டுமரம் எப்படி இருந்துச்சுன்னு காட்டாம நேரா ஃபைபர் படகுக்குப் போயிட்டீங்களேம்மா. ஆரம்பத்துலயே ரெண்டு படம் போடுங்க" என்றார். நியாயமான பேச்சுதான். படங்களும் கையில் இருந்தன. ஆனால் அந்த இயலில் ஏற்கெனவே 41 படங்கள். முன்னால் இரண்டு நுழைந்தால் 3.1 என்பது 3.3 ஆகும், 3.41 என்பது 3.43 ஆகும். படத்துக்குக் கீழே இருப்பதை மாற்றுவது பெரிய வேலையில்லை. "படம் 3.12இல் காண்க" என்று உள்ளே எங்கெங்கோ எழுதி வைத்திருப்பதை யார் தேடுவது?

தேடி மாற்றலாம் என்று உட்கார்ந்தேன். முதல் பாடம் பத்து நிமிடத்தில் கிடைத்தது. முன்னாலிருந்து மாற்றிக்கொண்டு போனால், 3.1ஐ 3.3 ஆக்கியவுடன் பழைய 3.3உம் புதிய 3.3உம் கலந்துவிடும். அதனால் பின்னாலிருந்து வர வேண்டும்: முதலில் 41ஐ 43, அப்புறம் 40ஐ 42. இது புரிந்து பெருமைப்பட்டுக்கொண்டு இறங்கி வந்தால், 3.4ஐத் தேடும்போது கணினி 3.42ஐயும் 3.43ஐயும் சேர்த்துப் பிடிக்கிறது. இரண்டு இரவு போனது. மூன்றாம் நாள் படித்துப் பார்த்தால், "மரங்களைக் கயிற்றால் பிணைக்கும் முறையைப் படம் 3.14இல் காணலாம்" என்று இருக்கிறது. படம் 3.14இல் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது.

திருப்பாதிரிப்புலியூரில் டிடிபி சென்டர் வைத்திருக்கும் ஓர் அக்காவைத் தெரியும். என் முதல் இரண்டு இயல்களைப் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்துக் கொடுத்தவர் அவர்தான். பிறகு நான் அவற்றை யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டேன். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போனேன். ஒரு படத்தின் கீழே இருந்த எண்ணைச் சுட்டியால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"டீச்சர், இந்த நம்பர் நீங்க அடிச்சதா, வேர்டு போட்டதா?"

"நான்தான் அடிச்சேன்."

"அப்ப அது நம்பர் இல்ல டீச்சர், வெறும் எழுத்து. அதுக்கு எண்ணத் தெரியாது."

அவர் செய்து காட்டியது இதுதான். படத்தின் மேல் சொடுக்கி, ரெஃபரன்சஸ் பட்டியில் இன்சர்ட் கேப்ஷன், அதாவது படக்குறிப்பு சேர்ப்பது. அதில் ஃபிகர், டேபிள், ஈக்வேஷன் என்ற மூன்று ஆங்கிலப் பெயர்கள்தான் இருக்கும். நியூ லேபிள் என்ற பொத்தானை அழுத்தி "படம்" என்று தமிழில் அடித்தால் அதையும் ஏற்றுக்கொள்கிறது. எனக்குப் படம், வரைபடம், அட்டவணை என்று மூன்று பெயர்கள். மூன்றையும் தனித்தனியாக எண்ணிக்கொள்ளும். படத்தின் கீழே வரும் எண், பார்க்க எண் மாதிரி இருந்தாலும் உண்மையில் ஒரு கட்டளை. 'இதுவரை எத்தனை படம் வந்திருக்கிறதோ அதற்கு அடுத்ததைப் போடு' என்பதுதான் உள்ளே இருக்கும் செய்தி. ஆல்ட்டோடு எஃப்9ஐ அழுத்தினால் திரையில் எண்கள் மறைந்து அந்தக் கட்டளைகள் வெளியே தெரிகின்றன. திரும்ப அழுத்தினால் எண்கள் வந்துவிடும்.

இயல் எண்ணும் சேர்ந்து 3.12 என்று வர வேண்டுமென்றால் நம்பரிங் என்ற பொத்தானில் அதற்கு ஒரு கட்டம் இருக்கிறது. டிக் செய்தேன். இயல் எண்ணே இல்லையே என்று வேர்டு புகார் சொன்னது. "இயல் 3" என்று கொட்டை எழுத்தில் நானே அடித்திருந்தேன் அல்லவா? அதுவும் வெறும் எழுத்துதான். இயல் தலைப்புகளை எல்லாம் ஹெடிங் 1 என்ற தலைப்புப் பாணிக்கு மாற்றி, பல அடுக்கு எண் வரிசையோடு இணைத்த பிறகுதான் சமாதானமாகியது. நடுவில் புள்ளியா கோடா என்றும் கேட்கும். வேர்டு தானாகக் காட்டுவது கோடு. தமிழுக்கு அது ஒத்துவராது. "படம் 3-12-இல்" என்று எழுதிப் பாருங்கள், தொலைபேசி எண் மாதிரி இருக்கும். புள்ளியையே வைத்துக்கொண்டேன்.

இது பாதிதான். இன்னொரு பாதி, வாக்கியத்துக்குள் வரும் சுட்டு. அதே பட்டியில் கிராஸ்-ரெஃபரன்ஸ். எந்தப் பெயர், எந்தப் படம், அதில் எதைக் காட்ட வேண்டும் என்று வரிசையாகக் கேட்கும். ஒன்லி லேபிள் அண்ட் நம்பர் என்பதைத் தேர்ந்தால் வாக்கியத்தில் "படம் 3.12" என்று வந்து உட்காரும். என்டயர் கேப்ஷன் கொடுத்தால் விளக்கம் முழுவதும் வாக்கியத்துக்குள் வந்துவிடும். அபவ் பிலோ என்று ஒன்று இருக்கிறதே, மேலே கீழே என்று அழகாகப் போடுமாக்கும் என்று ஆசைப்பட்டுக் கொடுத்தேன். தமிழ் வாக்கியத்தின் நடுவில் ஆங்கிலத்திலேயே 'அபவ்' என்று போட்டது.

அப்புறம் நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு சுட்டு வைத்தேன்: "வலை பின்னும் ஊசியைப்..." என்று அடித்துவிட்டுச் செருகினால், எண்ணோடு சேர்த்து வலை ஊசியின் புகைப்படமே அரைப் பக்கத்துக்கு வாக்கியத்தின் நடுவில் வந்து நிற்கிறது! அழித்துவிட்டுத் திரும்பச் செருகினேன். திரும்பவும் ஊசி. அக்காவுக்குப் போன் போட்டால், "படமும் குறிப்பும் ஒரே பத்தியில இருக்கும், பாருங்க" என்றார். உண்மைதான். படத்துக்கும் குறிப்புக்கும் நடுவே என்டருக்குப் பதிலாக ஷிஃப்ட்டும் என்டரும் சேர்த்துத் தட்டியிருந்தேன். பத்தியின் தொடக்கத்திலிருந்து எண் முடிய உள்ளதையெல்லாம் வேர்டு சுட்டாக எடுத்துக்கொள்கிறது. ஒரே பத்தி என்றால் படமும் அதில் சேர்த்தி. ஒரு என்டர் தட்டிப் பிரித்தேன், பழைய சுட்டை அழித்துப் புதிதாக வைத்தேன், ஊசி தன் இடத்துக்குப் போய்விட்டது. படத்தின் பத்திக்கு 'கீப் வித் நெக்ஸ்ட்' கொடுத்துவிட்டால் படம் ஒரு பக்கம், குறிப்பு மறு பக்கம் என்று பிரியாது. படங்களை மிதக்க விடாமல் வரியோடு வரியாக வைத்தது இன்னொரு நல்ல காரியம். மிதக்கும் படத்துக்குக் குறிப்பு ஒரு தனிப்பெட்டிக்குள் போய் உட்காரும். அதன் பிறகு எண் வரிசை எப்போது எப்படி மாறும் என்று யாருக்கும் தெரியாது.

இதெல்லாம் எந்த மொழியில் எழுதுபவருக்கும் வரும் தொல்லை. தமிழில் எழுதுபவருக்கென்று தனியாக ஒன்று இருக்கிறது. நான் பழக்கத்தில் "ஏழாம் படத்தில்", "7ஆவது படத்தை" என்றெல்லாம் எழுதியிருந்தேன். வேர்டு கொடுப்பது "படம் 3.7" என்ற ஒரே உருவம். படம் என்பதைப் 'படத்தில்' ஆக்கவோ எண்ணை முன்னால் தூக்கிப் போடவோ அதற்குத் தெரியாது. எண் மட்டும் வேண்டுமென்றால், குறிப்பில் உள்ள எண்ணை மட்டும் தேர்ந்து அதற்கு ஒரு புக்மார்க் பெயர் வைத்து, அந்தப் புக்மார்க்குக்குச் சுட்டு கொடுக்கலாம். ஐந்து படங்களுக்குச் செய்து பார்த்தேன். 143க்கும் செய்ய எனக்குப் பொறுமை இல்லை. லிப்ரே ஆஃபிஸ் என்ற இன்னொரு மென்பொருளில் எண்ணை மட்டும் தரும் வசதி நேராகவே இருக்கிறது. ஆனால் பாதி ஆற்றில் யார் குதிரை மாற்றுவது?

கடைசியில் என் வாக்கியங்களைத்தான் மாற்றினேன். வேற்றுமை உருபு எப்போதும் எண்ணுக்குப் பின்னால்: "படம் 3.7இல்", "படம் 3.7ஐக் காண்க". "3.4, 3.5 ஆகிய படங்களில்" என்பது "படம் 3.4, படம் 3.5 இரண்டிலும்" என்று ஆனது. தமிழாசிரியையாக இருந்துகொண்டு ஒரு மென்பொருளுக்காக வாக்கியத்தை வளைக்கிறோமே என்று முதலில் உறுத்தியது. வளைத்த பிறகு படித்துப் பார்த்தால் தேவலாம் போலத்தான் இருந்தது. எண்ணைத் தேடுகிற கண்ணுக்கு அது எப்போதும் ஒரே உருவத்தில் கிடைக்கிறதே.

அந்த உருபை ஒட்டும்போது ஒரு கவனம் வேண்டும். சில இடங்களில் நான் அடித்த "இல்" சுட்டுக்கு வெளியே விழாமல் உள்ளே விழுந்துவிட்டது. பார்க்க வித்தியாசமே தெரியாது. அடுத்த முறை எண்களைப் புதுப்பிக்க எஃப்9 தட்டியதும் உள்ளே இருந்ததை எல்லாம் துடைத்துவிட்டு எண்ணைப் புதிதாக எழுதும், "இல்" காணாமல் போகும். "படம் 3.12 காணலாம்" என்று ஆகிவிடும். ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு என்ற பகுதியில் ஃபீல்டு ஷேடிங் என்பதை ஆல்வேஸ் என்று வைத்தேன். வேர்டு போட்ட எண்கள் எல்லாம் சாம்பல் நிறப் பின்னணியில் தெரியும், அச்சில் வராது. உருபு சாம்பலுக்கு வெளியே இருக்கிறதா என்று பார்த்தால் போதும். நான் கையால் அடித்து மறந்துபோன எண்களும் வெள்ளையில் நின்று மாட்டிக்கொண்டன.

எண்கள் தாமாக மாறும் என்றாலும் உடனே மாறாது. கண்ட்ரோல்+ஏ, பிறகு எஃப்9. என் மடிக்கணினியில் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும். இரண்டு தடவை தட்டுவது நல்லது: முதல் தடவையில் படங்களின் எண்கள் திருந்தும், அதற்கு முன்பே வரும் சுட்டுகள் பழையதிலேயே நின்றுவிடுவதுண்டு. அடிக்குறிப்புகளுக்குள் இது போகாது. அங்கே போய்ச் சொடுக்கித் தனியாகச் செய்ய வேண்டும். நெறியாளர் ட்ராக் சேஞ்சஸில் அழித்த ஒரு படக்குறிப்பும் என்னைக் குழப்பியது. அந்தத் திருத்தத்தை ஏற்கும்வரை அதுவும் எண்ணிக்கையில் இருந்தது.

படப் பட்டியல்தான் மிகச் சுலபம். இன்சர்ட் டேபிள் ஆஃப் ஃபிகர்ஸ், படம் என்ற பெயர், ஓகே. 143 வரிகள், பக்க எண்களோடு. முன்பு அதைக் கையால் அடிக்க ஒரு வாரம் ஒதுக்கி வைத்திருந்தேன்.

எல்லாம் முடிந்தது என்று பென் டிரைவில் போட்டுக்கொண்டு புதுச்சேரிக்கு பஸ் ஏறினேன். அங்கே ஒரு கடையில் அச்சும் பைண்டிங்கும் ஒரே நாளில் முடித்துத் தருவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். தாள்கள் சூடாக வந்து விழ விழ எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். 96ஆம் பக்கத்தில், சுருக்குமடி வலை பற்றிய பத்தியில், படம் எண் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புக் கொட்டை எழுத்தில் ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கிறது: 'எரர்! ரெஃபரன்ஸ் சோர்ஸ் நாட் ஃபவுண்ட்.' வயிற்றைக் கலக்கியது. நிறுத்தச் சொன்னேன். கோப்பில் தேடினால் பதினோரு இடங்கள்.

காரணம் நான்தான். முந்தின இரவு சில படங்களை இடம் மாற்றினேன். கட் செய்து ஒட்டியிருந்தால் சுட்டும் கூடவே போயிருக்கும். ஏதாவது ஆகிவிட்டால் என்று பயந்து, காப்பி செய்து புது இடத்தில் ஒட்டிவிட்டு, அப்புறம் பழையதை அழித்தேன். சுட்டுகள் பார்த்துக்கொண்டிருந்தது பழையதை. அதை அழித்ததும் அவை அநாதை. ஆனால் அடுத்த எஃப்9 வரை பழைய எண்ணையே காட்டிக்கொண்டு சாதுவாக இருந்தன. கடைக் கணினியில் அச்சுக்கு முன் எல்லாவற்றையும் புதுப்பிக்கும் ஏற்பாடு இருந்ததால் அங்கே போய் வெடித்தது. ஒரு வகையில் நல்லதுதான். இல்லாவிட்டால் தவறான எண்களோடு பைண்டிங் ஆகியிருக்கும்.

கடைத் தம்பி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். பதினோரு சுட்டுகளையும் அங்கேயே உட்கார்ந்து மறுபடி வைத்தேன். என் எழுத்துரு அந்தக் கணினியில் இல்லாததால் பக்கங்களும் நகர்ந்திருந்தன. நல்லவேளை, மடிக்கணினியைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். திருத்திய கோப்பை அதில் திறந்து, புதுப்பித்து, எரர் என்ற சொல்லைத் தேடிப் பார்த்து, ஒன்றுமில்லை என்றானதும் பிடிஎஃப் ஆக்கி அதையே அச்சுக்குக் கொடுத்தேன். இதை வீட்டிலேயே செய்திருக்க வேண்டும்.

மாலை ஆறு மணிக்கு ஐந்து பிரதிகள் கைக்கு வந்தன. கடலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒன்றைப் புரட்டினேன். நான்காம் இயலில் ஓர் அடிக்குறிப்பு: "முந்தைய இயலின் ஒன்பதாம் படத்தோடு ஒப்பிடுக." பாமினி காலத்துப் பழக்கத்தில் எழுத்தாலேயே எழுதியது, அதனால் இலக்கத்தைத் தேடியபோதெல்லாம் சிக்காமல் தப்பியிருக்கிறது. நெறியாளர் சொன்ன இரண்டு கட்டுமரப் படங்களும் வந்த பிறகு அது பதினோராம் படம். வீட்டுக்கு வந்து கறுப்புப் பேனாவை எடுத்து, ஐந்து பிரதிகளிலும் "ஒன்பதாம்" என்பதை மெல்லிய கோட்டால் அடித்து, மேலே "பதினோராம்" என்று எழுதினேன்.