எந்த வேலைக்கு சார்?

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த இடம், தண்ணீர்த் தொட்டிகளுக்கு லெவல் கன்ட்ரோலர் செய்துகொண்டிருந்தது. சம்ப்பில் தண்ணீர் இருந்தால் மோட்டார் ஓடவேண்டும், மேல்தொட்டி நிறைந்தால் நிற்கவேண்டும். கேட்க எளிது. ஆனால் தண்ணீருக்குள் நிற்கும் கம்பிகளுக்கு டிசி கொடுத்தால் மின்பகுப்பில் கொஞ்ச நாளிலேயே அரித்துப்போகும். அதனால் சில கிலோஹெர்ட்ஸில் ஏசி கொடுத்து, திரும்பி வருவதை எல்எம்358 என்ற ஆப்-ஆம்ப் (சின்ன சிக்னலைப் பெருக்கும் ஐசி) வைத்துப் பெருக்கி அளப்போம்.

அந்த சர்க்யூட்டை நான்தான் எல்டிஸ்பைஸில், அதாவது போர்டைக் கட்டாமலே சர்க்யூட்டைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் சாஃப்ட்வேரில், போட்டுப் பார்த்தேன். திரையில் சைன் அலை வழுவழுவென்று வந்தது. போர்டைக் கட்டி அலையைத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப்பில் பார்த்தால், அலை ஏறும்போதும் இறங்கும்போதும் நடுவில் ஒரு சின்ன முடிச்சு. இரண்டு நாள் தேடினேன். சால்டரிங்கைச் சந்தேகப்பட்டேன், புரோபைச் சந்தேகப்பட்டேன், கடைக்காரர் டூப்ளிகேட் ஐசி கொடுத்துவிட்டார் என்றுகூட முடிவுகட்டினேன். எந்தத் தப்பும் இல்லை. எல்எம்358-இன் வெளியீட்டுப் பகுதி அப்படித்தான். கரண்டை வெளியே தள்ளுவதிலிருந்து உள்ளே இழுப்பதற்கு மாறும் இடத்தில் கொஞ்சம் தடுமாறும். வெளியீட்டிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு ரெசிஸ்டர் போட்டு, அதை எப்போதும் தள்ளிக்கொண்டே இருக்கும்படி செய்தால் முடிச்சு போய்விடும். போட்டோம், போய்விட்டது.

சிமுலேஷன் ஏன் காட்டவில்லை? அன்று என்னிடம் இருந்த மாடல் ஃபைலை, அதாவது அந்த ஐசி எப்படி நடந்துகொள்ளும் என்று சாஃப்ட்வேருக்குச் சொல்லும் ஃபைலை, திறந்து படித்த பிறகுதான் புரிந்தது. அதற்குள் எல்எம்358-இன் வெளியீட்டு டிரான்சிஸ்டர்களே இல்லை. எல்டிஸ்பைஸுக்கு மூலமான ஸ்பைஸ் 1973-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவானது. ஒரு ஆப்-ஆம்ப்பின் அத்தனை டிரான்சிஸ்டர்களையும் போட்டுக் கணக்கிட அந்தக் காலத்துக் கணினிகள் திணறின. அதனால் 1974-இல் பாயிலும் கூட்டாளிகளும் ஒரு சுருக்குவழி சொன்னார்கள்: முகப்பில் இரண்டு டிரான்சிஸ்டர், பின்னால் சில கரண்ட், வோல்டேஜ் சோர்ஸ்கள், ரெசிஸ்டர்கள், டயோடுகள். வெளியிலிருந்து பார்த்தால் கெயின் (எத்தனை மடங்கு பெருக்கும்), ஸ்லூ ரேட் (வெளியீடு எவ்வளவு வேகமாக மாறும்) எல்லாம் சரியாக இருக்கும், உள்ளே ஐசி இருக்காது. இன்றும் பழைய ஆப்-ஆம்ப் மாடல்கள் பலவற்றில் இந்த எலும்புக்கூட்டைப் பார்க்கலாம். உள்ளே இல்லாத டிரான்சிஸ்டர் எப்படித் தடுமாறும்?

இந்தப் பாடம் ஆப்-ஆம்ப்போடு முடிந்துவிட்டது என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன்.

2021. சிப் தட்டுப்பாடு உச்சத்தில். அப்போது வேறொரு இடத்தில், 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் சின்ன இன்வெர்ட்டர் செய்துகொண்டிருந்தோம். துடிப்புகளைத் தர எஸ்ஜி3525 ஐசி, அதன் கீழே மாறி மாறித் திறக்கும் புஷ்-புல் அமைப்பில் ஐஆர்எஃப்இசட்44என் மாஸ்ஃபெட் (கேட் என்ற காலில் சார்ஜை நிரப்பினால் திறந்து, காலிசெய்தால் மூடும் ஸ்விட்ச்; மற்ற இரண்டு கால்கள் டிரெயின், சோர்ஸ்). வழக்கமாக வாங்கும் டீலர் கையை விரித்துவிட்டார். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவுக்குப் போனேன். ஆள் ஒதுங்க இடமில்லாத அந்தச் சந்தில், எனக்குப் பழக்கமான ஒரு கடை. கடைக்காரர் டிராயரைத் திறக்காமலேயே சொன்னார்:

"44 இல்ல சார். 3205 எடுத்துக்குங்க, அதைவிடப் பெருசு. எந்த வேலைக்கு சார்?"

"இன்வெர்ட்டருக்குத்தான்."

"இரும்பு டிரான்ஸ்ஃபார்மரா, ஃபெரைட்டா?"

எதற்கு இந்த விசாரணை என்று எரிச்சலாக இருந்தது. "ஏதோ ஒண்ணு, ஒரிஜினலா பாத்துக் குடுங்கண்ணே" என்று சொல்லி சாம்பிளுக்குப் பத்து வாங்கிவந்தேன்.

கம்பெனி தரும் விவரத்தாளான டேட்டாஷீட்டில் பார்த்தால், கடைக்காரர் சொன்ன ஐஆர்எஃப்3205 எல்லாவற்றிலும் ஒருபடி மேல். இரண்டுக்கும் 55 வோல்ட். கரண்ட் 49 ஆம்பியருக்குப் பதில் 110. ஆன் ரெசிஸ்டன்ஸ் (முழுதாகத் திறந்தபின்னும் மிஞ்சும் தடை, குறைவாக இருந்தால் நல்லது) 17.5 மில்லிஓமுக்குப் பதில் 8. ஆனாலும் ஒருமுறை சிமுலேஷனில் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். மாடல் தேடச் சோம்பல். லைப்ரரியில் 44-க்கு என்று நாங்கள் வைத்திருந்த வரியை நகலெடுத்து, பெயரை 3205 என்று மாற்றி, அதே வரியில் இருந்த ஆன் ரெசிஸ்டன்ஸையும் கேட் சார்ஜையும் (கேட்டை நிரப்பத் தேவையான சார்ஜ்) திருத்தினேன். ஓட்டினேன். அலைவடிவம் அச்சுப் பிசகாமல் பழையது போலவே வந்தது. "வித்தியாசமே இல்லை சார், போடலாம்" என்று மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

முதல் போர்டில் பாதி லோடு ஏற்றிப் பத்து நிமிடத்தில் ஹீட்சிங்கில் விரல் வைக்க முடியவில்லை. ஆன் ரெசிஸ்டன்ஸ் பாதிக்கும் கீழே, சூடு மட்டும் அதிகம்.

வித்தியாசம் வராததே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எல்டிஸ்பைஸின் மாஸ்ஃபெட் வரியில் வோல்டேஜ், ஆன் ரெசிஸ்டன்ஸ், கேட் சார்ஜ் என்று இருக்கும் மூன்றும் பட்டியலில் பார்த்துத் தேர்ந்தெடுப்பதற்காக வைத்த விவரங்கள். கணக்குக்குள் அவை நுழைவதே இல்லை. கணக்கு நடப்பது அதே வரியில் உள்ள டிரெயின், சோர்ஸ் ரெசிஸ்டன்ஸ்களிலும், கேட்டைச் சுற்றியுள்ள கெப்பாசிட்டன்ஸ் போன்ற மற்ற எண்களிலும்தான். அவற்றை நான் தொடவில்லை. பலகையில் பெயரை மாற்றி எழுதிவிட்டு, பழைய கடையிலேயே சாப்பிட்டு வந்திருக்கிறேன்.

பிறகு ஒழுங்காகத் தேடினேன். ஐஆர்எஃப் என்பது இன்டர்நேஷனல் ரெக்டிஃபையர் வைத்த பெயர். அந்த கம்பெனியை 2015-இல் இன்ஃபினியான் வாங்கிவிட்டது, ஆகவே மாடலும் அங்கேதான் இருக்கும். இந்தத் தொழிலில் பார்ட் தேடுவதென்றால் யார் யாரை வாங்கினார்கள் என்ற வம்சாவளியும் தெரிந்திருக்க வேண்டும். கிடைத்த ஃபைல் ஒற்றை வரியாக இல்லாமல் சப்சர்க்யூட்டாக, அதாவது பல பாகங்கள் சேர்ந்த குட்டி சர்க்யூட்டாக, இருந்தது. சிம்பலின் முன்னெழுத்தை எம்-இலிருந்து எக்ஸ் என்று மாற்றவேண்டும், கால்களின் வரிசையைப் பார்க்கவேண்டும். ஒன்று டிரெயின், இரண்டு கேட், மூன்று சோர்ஸ் என்று தலைப்பிலேயே எழுதி வைத்திருந்தார்கள், புண்ணியவான்கள். எல்லா ஃபைலும் இப்படி இருப்பதில்லை. சிலவற்றைப் பூட்டி வைத்திருப்பார்கள், வேறு சாஃப்ட்வேரில்தான் திறக்கும்.

அந்த மாடலைப் போட்டதும் படம் தெளிவாகிவிட்டது. 44-இன் கேட் சார்ஜ் அதிகபட்சம் 63 நானோகூலும். 3205-க்கு 146. நாங்கள் கேட்டுக்கு வரிசையாகப் போட்டிருந்தது 47 ஓம். அந்தச் சின்ன வாய் வழியாக இரண்டு மடங்குக்கு மேல் சார்ஜை நிரப்பி, காலிசெய்ய வேண்டும், அதுவும் நொடிக்கு 50,000 தடவை. ஒவ்வொரு தடவையும் மாஸ்ஃபெட் முழுதாகத் திறக்காமலும் மூடாமலும் இழுத்துக்கொண்டு நிற்கும் நேரம் கூடியது. சூடு அங்கிருந்துதான் வந்தது. இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் வைத்து 50 ஹெர்ட்ஸில் ஓட்டும் இன்வெர்ட்டராக இருந்தால் 3205 உண்மையிலேயே நல்ல மாற்று. எங்களுடையதைப் போல வேகமாக ஸ்விட்ச் செய்யும் ஃபெரைட் என்றால் கணக்கு வேறு. கடைக்காரர் கேட்ட ஒற்றைக் கேள்வி அதுதான்.

கேட் ரெசிஸ்டரை 15 ஓமாகக் குறைத்து, நடுவில் இரண்டு சின்ன டிரான்சிஸ்டர் சேர்த்தோம். சமாளித்தோம்.

அதன்பிறகு எந்தப் பார்ட்டுக்கும் ஈக்விவலென்ட் தேடும்போது, இந்த சர்க்யூட் அதனிடம் என்ன வேலை வாங்குகிறது என்று முதலில் ஒரு தாளில் எழுதிவிடுவேன். பிசி547 என்ற சின்ன டிரான்சிஸ்டருக்கு பதில் 2என்3904 என்றால் எல்இடி எரியவைக்கப் போதும், ஆனால் கால் வரிசை தலைகீழ், திருப்பித்தான் சொருகவேண்டும். கெயினை நம்பிக் கட்டிய இடம் என்றால் பிசி547-க்கு பதில் பிசி547 போடுவதற்கே யோசிக்கவேண்டும். அதன் கெயின் ஏ ரகத்தில் 110-இல் தொடங்குகிறது, சி ரகத்தில் 800 வரை போகிறது. மாடலில் இருப்பது ஒரே டிரான்சிஸ்டர், நாம் வாங்குவது பொட்டலம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மெகாஓம் என்று நினைத்து வெறும் எம் போட்டால் ஸ்பைஸ் அதை மில்லிஓம் என்று எடுத்துக்கொள்ளும், பெரிய எழுத்தாக இருந்தாலும். மெக் என்று முழுதாக எழுதவேண்டும். இதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது, விவரம் வேண்டாம்.

இப்போது மாடல்களுக்கென்று ஒரு ஃபோல்டர் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு ஃபைலின் தலையிலும் நட்சத்திரக்குறி போட்டு, எங்கே எடுத்தது, போர்டில் எதை அளந்து ஒப்பிட்டேன், எதை ஒப்பிடவில்லை என்று தங்கிலீஷில் எழுதுவேன். 3205 ஃபைலில் நான்கு வரி இருக்கிறது. கடைசி வரி, "100 டிகிரியில் பார்க்கவில்லை." எழுதி மூன்று வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் பார்க்கவில்லை.