சாய்ந்த கைப்பிடியும் ஆயிரம் சீம்களும்

முகம் தப்பித்துவிட்டது. கைப்பிடிதான் இன்னும் அடங்க மறுக்கிறது.

கையில் இருப்பது 3000-க்கு 2000 பிக்சல் அளவுள்ள ஒரு படிக்கட்டுப் படம். கீழ் இடது ஓரத்தில் தொடங்கும் இரும்புக் கைப்பிடி மேல் வலது ஓரம் வரை ஒரே நேர்கோடாக ஏறுகிறது. நடுவில் ஒருவர் நிற்கிறார். ஓரங்களை வெட்டாமல், ஆளை நசுக்காமல் இதை 2000-க்கு 2000 சதுரமாக்க வேண்டும். சீம் கார்விங் முறையில், கண்ணுக்கு முக்கியமில்லாத இடங்கள் வழியே வளைந்து செல்லும் ஒரு பிக்சல் அகலப் பாதைகளை, அதாவது சீம்களை, ஒவ்வொன்றாக நீக்கிப் படத்தைக் குறுக்கலாம். மேலிருந்து கீழாக ஆயிரம் சீம்களை உருவினால் கணக்கு முடிந்தது. கணக்கு மட்டும்தான் முடிந்தது.

இதற்கான மென்பொருளை நிறுவுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரே ஒரு எரிச்சலைத் தவிர. இமேஜ்மேஜிக் என்ற படக் கருவியில் சீம் உருவும் லிக்விட் ரீஸ்கேல் கட்டளை எப்போதும் பட்டியலில் இருக்கும். ஆனால் அடியில் அந்த வேலையைச் செய்யும் எல்க்யூஆர் நூலகம் இல்லையென்றால் ஓட்டும்போதுதான் 'டெலிகேட் (துணை நூலகம்) ஆதரவு இல்லை' என்று கைவிரிக்கும். இமேஜ்மேஜிக்கை மூல நிரலிலிருந்து கட்டும்போது எல்க்யூஆரின் ஹெடர் கோப்புகள் அகப்படாவிட்டால் கான்ஃபிகர் நிரல் நிற்காது. பக்கம் பக்கமாக ஓடும் வெளியீட்டில் ஒரு வரியில் 'இல்லை' என்று போட்டுவிட்டு மேலே போய்விடும். ஆகவே முதலில் எல்க்யூஆரின் டெவலப்மென்ட் தொகுப்பு, பிறகு இமேஜ்மேஜிக். முடிந்ததும் பதிப்பு விவரத்தில் டெலிகேட் வரிசையில் எல்க்யூஆர் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் போதும். எல்க்யூஆர் நூலகத்துக்குத் தேவைப்படுவதே கிட்டத்தட்ட ஜிலிப் என்ற அடிப்படை நூலகம் மட்டும்தான். இவ்வளவு சிறிய சார்புப் பட்டியலை இந்தக் காலத்தில் பார்ப்பதே அபூர்வம்.

ஆனால் இமேஜ்மேஜிக் வழியாக மாஸ்க் (எந்த இடத்தைச் சீம்கள் தொடலாம், தொடக்கூடாது என்று குறிக்கும் படம்) கொடுக்க முடியாது என்பதால் நேரடியாகச் சி மொழியில் எல்க்யூஆரிடமே இறங்கினேன். இறங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கார்வரிடம் (நூலகத்தில் சீம்களை உருவும் பொருள்) ஒப்படைக்கும் பிக்சல் நினைவகம் அதன்பின் கார்வருக்குச் சொந்தம். அழியும்போது அதையும் சேர்த்து விடுவித்துவிடும். நாமும் விடுவித்தால் நிரல் அங்கேயே விழும். உள்ளீட்டைப் பாதுகாக்கச் சொல்லும் தனி அழைப்பு இருக்கிறது. அதே படத்தை மீண்டும் பயன்படுத்தப் போகிறவர்கள் அதை மறக்காமல் போடுங்கள். பயாஸ் (ஓர் இடத்தைச் சீம்கள் தவிர்க்கவோ நாடவோ செய்யும் எடை) சேர்ப்பதெல்லாம் கார்வரைத் துவக்கிய பிறகு, அளவு மாற்றுவதற்கு முன்.

முகத்துக்குப் பயாஸ் ஏன் தேவை என்பது எளிய கதை. சீம்கள் ஆற்றல் குறைந்த இடங்களையே தேடிப் போகும். கன்னத்தில் அடுத்தடுத்த பிக்சல்களுக்குள் நிற மாற்றம் குறைவு, அதாவது ஆற்றல் குறைவு, ஆகவே சீம்கள் எல்லாம் கன்னத்தின் வழியே இறங்கும். ஆளின் மேல் நேர்மறைப் பயாஸ் பூசியதும் ஒரு பிக்சல்கூடக் குறையவில்லை. மாஸ்க்கின் விளிம்பைச் சற்று மங்கலாக்கினால் தோளுக்கு வெளியே சுவரின் கோடுகள் திடீரென நெருங்குவதும் குறைகிறது.

இதே வித்தையைக் கைப்பிடியிடம் காட்டினால் எடுபடாது. ஏன் என்று யோசித்தால் விடை எளிது. கைப்பிடி ஓரத்திலிருந்து ஓரம் வரை ஓடுகிறது. மேலிருந்து கீழே வரும் எந்தச் சீமும் அதைக் கடந்தே ஆக வேண்டும். கோடு முழுவதையும் பாதுகாத்தால் எல்லாச் சீம்களுக்கும் ஒரே சுங்கம். எல்லோரும் ஒரே கட்டணம் கட்டினால் கட்டணமே இல்லாத மாதிரிதான். பிறகு வழியைத் தீர்மானிப்பது மற்ற இடங்களின் ஆற்றல். என் படத்தில் வலப்பக்கம் வெறும் சுவர். நூற்றுக்கணக்கான சீம்கள் அங்கேயே குவிந்து இறங்கின. குவிந்த இடத்தில் கைப்பிடி செங்குத்தாக நிமிர்ந்து, மற்ற இடத்தில் பழைய சாய்விலேயே போய், முழங்கை மடங்கியது போல் ஒரு முறிவு.

ரிஜிடிட்டி மதிப்பை ஏற்றிப் பார்க்கச் சொல்பவர்கள் உண்டு. அது சீம் பக்கவாட்டில் நகர்வதைத்தான் தண்டிக்கிறது. சீம்கள் நேராகும், ஆனால் நேராகவே ஒரே இடத்தில் குவியும். ஒரு வரிசைக்குச் சீம் பக்கவாட்டில் எவ்வளவு நகரலாம் என்ற டெல்டா-எக்ஸைப் பூஜ்யமாக்கினால் இன்னும் மோசம், வெறும் நெடுவரிசைகளைப் பிடுங்குவதாகிவிடுகிறது. அதற்கு நூலகம் எதற்கு?

எனக்கு வேண்டியது வேறு: கடக்கும் இடங்கள் கோட்டின் நீளத்தில் சமமாகப் பரவ வேண்டும். பரவினால் கோடு செங்குத்தாகும், ஆனால் நேராகவே இருக்கும். ஆகவே பாதுகாப்பதை விட்டுவிட்டு வாசல் திறந்துவிட்டேன். கைப்பிடிக்கு மேலும் கீழும் நூறு பிக்சல் உயரத்துக்கு மட்டும், சம இடைவெளியில், எதிர்மறைப் பயாஸ் கொண்ட குறுகிய பட்டைகள். ஆள் நிற்கும் இடத்தை விட்டுவிட்டு 18 பட்டைகள், ஒவ்வொன்றும் 56 பிக்சல் அகலம். மொத்தம் 1008, ஆயிரத்துக்குச் சற்று மேல். ஒரு பட்டை தீர்ந்ததும் சீம்கள் அடுத்த பட்டைக்குப் போகும். அந்த நூறு பிக்சல் உயரத்தில் மட்டும் ரிஜிடிட்டி மாஸ்க்; மற்ற இடத்தில் சீம்கள் இஷ்டம்போல் வளையலாம்.

வேலை செய்கிறது. பெரிய முறிவு மறைந்துவிட்டது. இதைக் கண்டுபிடித்ததில் எனக்குக் கொஞ்சம் கர்வம்தான். ஆனால் பட்டைகளின் எடைதான் உயிரை வாங்குகிறது. எடை கூடினால் சீம்கள் எங்கிருந்தெல்லாமோ பக்கவாட்டில் பாய்ந்து பட்டைக்குள் நுழைகின்றன, மேலே சுவரின் செங்கல் வரிசை நெளிகிறது. குறைந்தால் பட்டையையே கண்டுகொள்வதில்லை. இரண்டுக்கும் நடுவே உள்ள மதிப்பு படத்துக்குப் படம் மாறும், ஏனென்றால் அது படத்தின் சொந்த ஆற்றலோடு போட்டி போட வேண்டியிருக்கிறது. மாஸ்க்கையே இன்னொரு கார்வராக முதல் கார்வரோடு இணைத்துவிட்டால் இரண்டும் ஒரே சீம்களை இழக்கின்றன. எந்தப் பட்டை எவ்வளவு தின்னப்பட்டது என்பதை முடிவில் கண்ணால் பார்க்கலாம். இந்த வசதி இல்லையென்றால் இருட்டில் துழாவிக்கொண்டிருப்பேன்.

ஆள் நிற்கும் இடத்தில் மட்டும் கைப்பிடி பழைய சாய்வில் இருக்கிறது. அவர் உடல் பாதியை மறைக்கிறது என்பதால் பிறர் கண்ணுக்குப் படவில்லை. என் கண்ணுக்குப் படுகிறது.

அவிடானும் ஷமீரும் 2007-இல் இந்த முறையை வெளியிட்டபோதே அதன் எல்லைகள் தெரிந்தவைதான். அவர்களும் ரூபின்ஸ்டைனும் சேர்ந்து 2009-இல் சீம், சாதாரணச் சுருக்கம், வெட்டு மூன்றையும் கலந்து பயன்படுத்தும் முறையை முன்வைத்தார்கள். அந்தப் பாதையில் முதலில் 3000-ஐ 2500 ஆகச் சாதாரணமாகச் சுருக்கி, மீதி 500-ஐ மட்டும் சீம்களிடம் விட்டேன். கைப்பிடி நன்றாக வருகிறது. ஆள் சற்று ஒல்லியாகிவிட்டார். அவருக்கு ஆட்சேபம் இருக்காது என்று நினைக்கிறேன், எனக்கு இருக்கிறது.

பைதான்காரர்களுக்கு ஒரு குறிப்பு. சைகிட்-இமேஜ் என்ற படச் செயலாக்கத் தொகுப்பில் சீம் கார்விங் தேடாதீர்கள். காப்புரிமைக் காரணத்தால் நீக்கிவிட்டார்கள். சீம்-கார்விங் என்ற பெயரிலேயே தனித் தொகுப்பு கிடைக்கிறது, அதில் ஃபார்வர்ட் எனர்ஜியும் இருக்கிறது. நீக்கிய பிறகு ஒட்டும் விளிம்பில் எவ்வளவு புதிய ஆற்றல் பிறக்கும் என்பதைக் கணக்கிடுவதால் கோடுகள் உடைவது குறையும். அதையும் பட்டைகளையும் சேர்த்துப் பார்க்க ஆசை. கோ மொழியில் கைர் என்றொரு கருவி, முகங்களைத் தானே கண்டுபிடித்துக் காப்பாற்றுமாம். அதையும் இறக்கி வைத்திருக்கிறேன். அதற்குள் போவதற்கு முன் பட்டையின் எடையைப் படத்தின் சராசரி ஆற்றலிலிருந்து தானே கணக்கிடும் சிறு நிரலை முடித்தாக வேண்டும். முழுப் படத்தின் சராசரியை எடுப்பதா, கைப்பிடியை ஒட்டிய பகுதியின் சராசரியை மட்டும் எடுப்பதா என்பதில் நிற்கிறது.