நட்டாலத்திலிருந்து காற்றாடிமலை வரை: பஸ்ஸிலேயே ஒரு யோபு பயணம்

நேற்று ராத்திரிதான் வீடு வந்து சேர்ந்தோம். முழங்கால் வலி இன்னும் விடவில்லை, ஆனாலும் சூடு ஆறுமுன் எழுதிவிட வேண்டும். எந்த பஸ், எவ்வளவு செலவு, எங்கே சாப்பாடு என்று வரிசையாக எழுதுவதாகச் சிலரிடம் சொல்லியிருக்கிறேன். முடிந்தவரை அப்படியே எழுதப் பார்க்கிறேன்.

முதலில் எதற்காகப் போனோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டையில் எங்களுக்கு ஒரு சின்ன அச்சகம் இருந்தது. கல்யாணப் பத்திரிகை, பில் புக், சபையின் அசன (பொது விருந்து) நோட்டீஸ் என்று ஓடிக்கொண்டிருந்த கடை. எல்லாரும் வாட்ஸ்அப்பிலேயே பத்திரிகை அனுப்ப ஆரம்பித்த பிறகு படுத்துவிட்டது. மெஷினை விற்றுக் கடனில் பாதியை அடைத்தோம். அதற்கப்புறம் வீட்டுக்கு வந்த அத்தனை பேரும் ஒரே வசனத்தைத்தான் சொன்னார்கள்: யோபுக்கு ஆண்டவர் இரண்டத்தனையாய்க் கொடுத்தார், உங்களுக்கும் கொடுப்பார். யோபு பைபிளில் வருகிற நல்ல மனிதர். சொத்து, பிள்ளைகள் எல்லாவற்றையும் இழந்து, கடைசியில் முன்பு இருந்ததைப் போல இரண்டு மடங்கு பெற்றவர். ஒரு கூட்டத்தில் மேடையிலிருந்தே இதைச் சொல்லிவிட்டு உடனே காணிக்கைப் பையை அனுப்பினார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

அந்தக் கோபத்தில்தான் கத்தோலிக்கர்கள் புனிதராகக் கொண்டாடும் தேவசகாயம் நினைவுக்கு வந்தார். யோபு கதையைக் கேட்டே கிறிஸ்தவரான மனிதர். நாங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) என்ற புராட்டஸ்டண்ட் சபைக்காரர்கள், புனிதர்களிடம் வேண்டிக்கொள்ளும் பழக்கம் கிடையாது. அவர் நடந்த இடங்களைப் பார்க்க அது தடையாகவும் தெரியவில்லை.

பாளையங்கோட்டையிலிருந்து நாகர்கோவில் வடசேரி, அங்கிருந்து மார்த்தாண்டம். இதில் சொல்ல எதுவும் இல்லை. சாதா கட்டண டவுன் பஸ்ஸாகப் பார்த்து ஏறினால் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, என் வீட்டுக்காரருக்கு மட்டும் எடுத்தால் போதும். எங்களை மாதிரி பத்து ரூபாயையும் எண்ணிச் செலவழிக்கிறவர்களுக்கு இது பெரிய காரியம். ஆனால் அப்படி மிச்சம் பிடித்ததை எல்லாம் ஒரே ஆட்டோ விழுங்கிவிட்டது. மார்த்தாண்டத்திலிருந்து நட்டாலம் சில கிலோமீட்டர்தான். அதற்கு 350 ரூபாய் கேட்டார். “அண்ணாச்சி, வெளியூர்னு தெரிஞ்சா இப்படியா?” என்று என் வீட்டுக்காரர் கேட்டதும் 300-க்கு இறங்கினார். போய்ச் சேர்ந்ததும் காத்திருந்ததற்கு 50 என்று அதையும் சேர்த்தே வாங்கிக்கொண்டார். கோயிலுக்கு வருகிறவர்களிடம் இப்படிப் பிடுங்குவது அநியாயம். மினி பஸ் நேரத்தை மார்த்தாண்டத்திலேயே விசாரித்துக்கொண்டு போங்கள்.

சிவராத்திரிக்குப் பக்தர்கள் ஓடும் சிவாலய ஓட்டம் வந்து முடிகிற பன்னிரண்டாவது கோயில் இருப்பதும் இதே நட்டாலத்தில்தான். இங்கே 1712-ல் நீலகண்டனாகப் பிறந்தவர், திருவிதாங்கூரில் மார்த்தாண்ட வர்மா காலத்தில் அரசாங்க உத்தியோகத்துக்குப் போனார். வசதியான குடும்பம். அப்புறம் அடி மேல் அடி விழுந்தது. மாடுகள் செத்தன, பயிர் போயிற்று, வீட்டில் இழப்புகள்.

மதியம் தக்கலையில் சாப்பிட்டோம். மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன்கறியும்! தேங்காயை வெண்ணெய் மாதிரி அரைத்து, குடம்புளி போட்டு, கிழங்கு தொட்டாலே உதிர்கிற பதம். இரண்டு பேருக்கும் 140 ரூபாய். பரிமாறிய அக்கா நாங்கள் கேட்காமலே இரண்டாவது தடவை குழம்பு ஊற்றினார். இந்த மாவட்டத்துக்கு வந்து பரோட்டா சாப்பிட்டுத் திரும்புகிறவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

அடுத்தது புலியூர்குறிச்சி, உதயகிரிக் கோட்டை. சின்னதாக ஒரு நுழைவுக் கட்டணம் உண்டு, கொடுக்கலாம். உள்ளே கூரையில்லாத ஒரு பழைய சிற்றாலயத்தில் டிலனாயின் கல்லறை இருக்கிறது. 1741-ல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்ட டச்சுக் கம்பெனித் தளபதி அவர். கைதியாக வந்தவர் பிறகு அதே ராஜாவின் படைக்குப் பயிற்சி கொடுத்து, பெரிய தளபதியாகி, 1777-ல் இங்கேயே இறந்தார். சொந்த ஊருக்குத் திரும்பவே இல்லை. கல்லறைக் கல்லில் லத்தீனிலும் தமிழிலும் எழுத்து. தமிழ் வரிகள் தேய்ந்திருந்தன. அவற்றின் மேல் என் வீட்டுக்காரர் விரலை வைத்து எழுத்து எழுத்தாகத் தடவிப் படித்தார். அச்சுக் கோத்த கை, சும்மா இருக்காது.

நீலகண்டனுக்கு யோபின் கதையைச் சொன்னவர் இந்த டிலனாய்தான். அந்த இடத்தில் நிற்கும்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. சொன்னவரே எல்லாவற்றையும் இழந்த ஆள். நாடு போய், கூட வந்த படை போய், எதிரியின் கோட்டையில் வேலை பார்க்கிற ஒரு கைதி, மாடு கன்று போய் நொந்திருக்கிற ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்லியிருக்கிறார். யோபின் சிநேகிதர்களும் முதலில் அதைத்தான் செய்தார்கள்: ஏழு நாள் இராப்பகலாகத் தரையில் கூடவே உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. வாயைத் திறந்து யோபையே குற்றம் சொன்ன பிறகுதான் எல்லாம் கெட்டது.

நீலகண்டன் 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அவருக்கு எது இரட்டிப்பாகக் கிடைத்தது? 1749-ல் கைதானார். எருக்கம்பூ மாலை போட்டு, எருமை மேல் உட்காரவைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அடித்து மிளகாய்ப் பொடி தடவினார்கள். புலியூர்குறிச்சியிலேயே முட்டிடிச்சான்பாறை இருக்கிறது. தாகத்தில் முழங்கையால் பாறையை இடித்தபோது தண்ணீர் சுரந்தது என்கிறார்கள். இன்றும் ஜனங்கள் அந்தத் தண்ணீரை பாட்டிலில் பிடித்துப் போகிறார்கள். மூன்று வருஷம் பாடுபட்டு, 1752 ஜனவரி 14-ல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது, அங்கேயும் போனோம். 2022 மே 15-ல் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது சாதிப் பெயரைச் சேர்க்காமல் தேவசகாயம் என்றே அறிவித்தார்கள். எனக்கு அதில் மிகுந்த சந்தோஷம்.

இரட்டிப்பு என்று முழங்குகிறவர்கள் இந்த மனிதரைப் பற்றி ஏன் வாய் திறப்பதில்லை? அவர்கள் சொல்கிற வசனத்தையே முழுசாகப் படிக்கட்டும். யோபு தன் சிநேகிதருக்காக வேண்டுதல் செய்தபோதுதான் அவன் சிறையிருப்பு, அதாவது அவன் துன்பம், மாறிற்று என்று அங்கே இருக்கிறது. அந்தப் பாதியை யாரும் மேடையில் வாசித்து நான் கேட்டதில்லை.

காற்றாடிமலைக்கு ஆரல்வாய்மொழியில் இறங்க வேண்டும். எல்லா பஸ்ஸும் நிற்காது, ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள். எங்களுக்குக் கிடைத்த பஸ்ஸில் ஒரு ஜன்னலையும் சாத்த முடியவில்லை, மழைச் சாரல் மடியிலேயே விழுந்தது. அங்கே அடிக்கிற காற்று சேலையை இழுத்துக்கொண்டு போகும், பின் குத்திக்கொள்ளுங்கள். மேலே மணியடிச்சான் பாறையைச் சின்னக் கல்லால் தட்டினால் வெண்கலச் சத்தம் வருகிறது. தட்டித் தட்டி ஒரு இடம் வெளுத்தே போயிருக்கிறது.

அங்கேதான் அந்த அம்மாவைப் பார்த்தோம். தூத்தூர்ப் பக்கம், கடற்கரைக்காரர். 2017 ஒக்கிப் புயலில் கடலுக்குப் போன மகன் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. “வரமாட்டான்னு தெரியும் மக்களே. அதைக் கேட்டு நான் இங்க வரல்ல” என்றார். பின்னே எதற்கு வருகிறீர்கள் என்று கேட்டேன். “பெலன் கேட்டுத்தான். எங்க ஊருல எந்த வீட்டுல சாவு விழுந்தாலும் நான் போய் இருப்பேன். பேசி என்ன செய்ய? சோறு வச்சு அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுப்பேன். அது என் வேலைன்னு ஆண்டவர் வச்சிருக்காரு.” சொல்லிவிட்டு எனக்கு ஒரு மட்டிப் பழத்தை உரித்தே கொடுத்தார். நான் அழுதுவிட்டேன். அவர் அழவில்லை.

திரும்பும் பஸ்ஸில் வள்ளியூர் தாண்டியதும் என் வீட்டுக்காரர் போனை எடுத்தார். அச்சகத்தில் எங்களோடு கடைசிவரை நின்ற பையனுக்குப் போட்டார். கடை மூடியதில் அவனுக்கும்தான் வேலை போயிற்று. ரொம்ப நேரம் பேசினார்கள். பேச்சு முடிந்ததும், “ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு அவன் வீட்டுக்குப் போறோம்” என்றார். கொண்டுபோகக் கைவசம் நேந்திரங்காய் சிப்ஸ் இருக்கிறது. நாகர்கோவிலில் அரைக் கிலோ வாங்கியது, பஸ் ஸ்டாண்டுக்குள் வாங்காமல் வெளியே ரோட்டோரக் கடையில் வாங்கினால் நாற்பது ரூபாய் குறைவு.