கவுன்சிலராக நிற்கப் போகிறீர்களா? வாக்காளர் பட்டியலில் தொடங்குங்கள்

வளர்ந்துவரும் சிறு நகரத்தில் நகர்மன்றத் தேர்தலுக்கு நிற்பவர்கள் பலரும் முதலில் போஸ்டருக்குத்தான் அலைகிறார்கள். ஆனால் கையில் முதலில் இருக்க வேண்டியது வாக்காளர் பட்டியல்.

கணக்கு எளிது. வார்டில் 3,000 வாக்காளர்கள், கடந்த தேர்தல்களில் 40 சதவீதம் வாக்குப்பதிவு என்று வைத்துக்கொள்வோம். பதிவாகப்போவது சுமார் 1,200 ஓட்டு. நேரடிப் போட்டி என்றால் 601 வேண்டும். மூன்று பேர் நின்றால் 450 வாங்கியவர்கூட ஜெயிக்கலாம். 3,000 பேரையும் கவர நினைத்து நேரத்தைச் சிதறவிடாமல், அந்த 600 பேர் யார் யார் என்று பெயரோடு எழுதி வையுங்கள்.

வளரும் ஊரில் பட்டியல் எப்போதும் ஊருக்குப் பின்னால்தான் ஓடிவரும். இறந்தவர் பெயர் இருக்கும், வீடு மாறிப் போனவர் பெயர் இருக்கும். புதுக் குடியிருப்பில் 200 குடும்பங்கள் வந்திருக்கும். அதில் பாதிப் பேரின் ஓட்டு இன்னும் பழைய ஊரில் கிடக்கும். அவர்களைப் பெயர் சேர்க்க வைப்பதற்கு இணையான பிரசாரம் வேறில்லை. ஆனால் பதிவுக்கான கடைசித் தேதி பல இடங்களில் தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பே முடிந்துவிடும். வார்டு எல்லையும் மாற்றப்பட்டிருக்கலாம். ஒரே தெருவில் இடப்பக்க வீடுகள் ஒரு வார்டிலும் வலப்பக்க வீடுகள் வேறு வார்டிலும் விழுவது சகஜம். புது வரைபடத்தோடு தெருவில் இறங்கிக் கதவு எண்ணைச் சரிபாருங்கள்.

வேட்புமனு தள்ளுபடியாவது பெரும்பாலும் சின்ன விஷயங்களில்தான்: முன்மொழிபவர் பக்கத்து வார்டுக்காரர், பட்டியலில் உள்ள பெயருக்கும் மனுவில் உள்ள பெயருக்கும் எழுத்து வித்தியாசம், நிரப்பாமல் விட்ட ஒரு கட்டம். மனுவோடு வாக்காளர்களின் கையெழுத்தும் கேட்கும் ஊராக இருந்தால் தேவையைவிட ஒன்றரை மடங்கு வாங்குங்கள். கடைசி நாள்வரை இழுக்காமல் இரண்டு மூன்று நாள் முன்பே கொடுத்தால் திருத்த அவகாசம் கிடைக்கும்.

வீடு வீடாகப் போவதுதான் உண்மையான தேர்தல் வேலை. மணிக்கு 15 வீடு போவதே நல்ல வேகம். 1,200 வீடு என்றால் 80 மணி நேரம். தினமும் மாலையில் இரண்டு மணி நேரம் நடந்தாலும் 40 நாள். பூட்டியிருந்த வீடுகளுக்குத் திரும்பவும் போக வேண்டும். அதனால் இரண்டு மாதத்துக்கு முன்பே தொடங்குங்கள். இரண்டு பேராகப் போங்கள்: ஒருவர் பேச, மற்றவர் குறித்துக்கொள்ளட்டும். ஒவ்வொருவருக்கும் 1 முதல் 5 வரை ஓர் எண் போடுங்கள்: உறுதியான ஆதரவுக்கு 1, உறுதியான எதிர்ப்புக்கு 5. நேரம் செலவழிக்க வேண்டியது 2, 3 எண்காரர்களிடம். 5 எண்காரரிடம் வாசலில் நின்று வாதாடாதீர்கள். “நாலாவது கம்பத்துல விளக்கு எரியல” என்று ஒருவர் சொன்னால் அன்றே புகார் பதிந்து, புகார் எண்ணை அவரிடம் கொடுங்கள். அவர் அதை அக்கம்பக்கத்தில் சொல்வார். துண்டறிக்கையால் அந்த வேலையைச் செய்ய முடியாது.

வாக்குறுதி கொடுக்கும் முன் நகராட்சியின் மூன்று ஆண்டு பட்ஜெட்டைப் படியுங்கள். புது மனைப்பிரிவுகள் வந்தால் அனுமதிக் கட்டணம் ஒருமுறை வரும். அங்கே போட்ட சாலையையும் குழாயையும் பராமரிக்கும் செலவோ வருடா வருடம் தொடரும். ஒருமுறை வரவை வைத்துச் சம்பளம் மாதிரியான நிரந்தரச் செலவை நடத்தும் ஊர், கட்டுமானம் ஓய்ந்ததும் தடுமாறும். குடிநீரிலும் சராசரியை நம்பாதீர்கள். தேவை உச்சத்தில் இருக்கும் நாளில் குடிநீர் வழங்கும் மொத்தக் கொள்ளளவில் எவ்வளவு பயன்படுகிறது என்று கேளுங்கள். மன்றத்தில் உங்களுக்கு இருப்பது ஒரே ஓட்டு. “சாக்கடை கட்டித் தருவேன்” என்று சொல்லாதீர்கள். “முதல் கூட்டத்திலேயே தீர்மானம் கொண்டுவருவேன்” என்றால் அது உங்களால் காப்பாற்றக்கூடிய வார்த்தை.

செலவுக்குத் தனி வங்கிக் கணக்கு, தினமும் ரசீது. நண்பர் தன் பணத்தில் அடித்துக் கொடுத்த நோட்டீஸும் பல இடங்களில் உங்கள் கணக்கில்தான் சேரும். தோற்றவரும் கணக்கு காட்ட வேண்டும்; கெடு தவறினால் அடுத்த முறை நிற்கத் தடை விதிக்கும் ஊர்களும் உண்டு.