குடல் சுருக்கத்துக்கு பலூன் சிகிச்சை: என் அனுபவம்

எனக்கு க்ரோன் நோய்தான் (குடலில் நீண்ட நாள் வீக்கமும் புண்ணும் உண்டாக்கும் நோய்) என்று உறுதியாகும் முன் டி.பி. மாத்திரை சாப்பிட்டேன். நம் நாட்டில் பலருக்கும் இப்படித்தான் நடக்கிறது. குடல் டி.பி., க்ரோன் இரண்டுமே சிறுகுடலின் கடைசிப் பகுதியில் அதிகம் வரும். இரண்டிலும் புண், சுருக்கம், எடை குறைவு. சதை எடுத்துப் பார்க்கும் பயாப்சியில்கூடப் பல நேரம் தெளிவாகத் தெரியாது. அதனால் டி.பி. மருந்து கொடுத்துவிட்டு, புண் ஆறியிருக்கிறதா என்று திரும்பக் கொலனோஸ்கோபி (ஆசனவாய் வழியாகக் கேமரா குழாய் விட்டு) பார்ப்பார்கள். எனக்கு ஆறவில்லை.

சுருக்கம் இருப்பது சாப்பாட்டில்தான் முதலில் தெரிந்தது. சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் தொப்புளுக்கு வலப்பக்கம் பிடித்து இழுக்கும், வயிறு உப்பி கடமுடவென்று சத்தம் போடும், வாந்தி எடுத்தால்தான் அடங்கும். மலச்சிக்கல் என்று நினைத்து, வீட்டில் வாழைத்தண்டும் கீரையும் கொடுத்தார்கள். குடல் சுருங்கியவர்களுக்கு நார் அந்த இடத்தில் சிக்கி முழு அடைப்பே வரலாம். இதை நம் சமையலறைகளில் யாராவது உரக்கச் சொல்ல வேண்டும். குழைந்த சாதம், இடியாப்பம், இட்லி, தோலும் விதையும் நீக்கிய காய் என்று மாறிய பிறகு வலி பாதியாகக் குறைந்தது.

எம்.ஆர். ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் முதலில் பார்த்தது, அது வீக்கத்தால் வந்த சுருக்கமா, தழும்பால் வந்ததா என்பதைத்தான். வீக்கம் என்றால் ஸ்டீராய்டும் ஊசி மருந்தும் குறைக்கும். தழும்பு இறுகிவிட்டால் மருந்து மட்டும் போதாது. பெரும்பாலும் இரண்டும் கலந்தே இருக்கும். அப்புறம் நீளம். சுமார் 5 செ.மீ.க்குள், அதிகம் வளையாமல், பக்கத்தில் சீழ்க்கட்டியோ புரைவழியோ (குடலிலிருந்து பக்கத்துக்குத் துளைத்துக்கொண்டு போகும் பாதை) இல்லாமல் இருந்தால் பலூன் வைத்து விரிக்கலாம். என்னுடையது அந்தக் கணக்குக்குள் வந்தது.

கையெழுத்துப் போடும்போது அப்பா தயங்கினார். “ஐயா, நூறு பேரில் இரண்டு மூன்று பேருக்குக் குடலில் ஓட்டை விழலாம். விழுந்தால் உடனே ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்கும். சர்ஜனிடம் சொல்லி வைத்திருக்கிறோம்” என்றார் டாக்டர். மறைக்காமல் சொன்னதால்தான் அப்பாவுக்கு நம்பிக்கை வந்தது.

எனக்குக் கடினமாக இருந்தது முந்தைய நாள்தான். வயிற்றைச் சுத்தம் செய்யும் மருந்துத் தண்ணீரை எல்லோரும் குடிக்கும் வேகத்தில் நம்மால் குடிக்க முடியாது. அடைப்பு இருப்பதை முன்கூட்டியே சொன்னதால், சில நாள் நீர் ஆகாரத்தில் வைத்து, மருந்தையும் பிரித்து மெதுவாகக் குடிக்கச் சொன்னார்கள். வாந்தியோ கடும் வலியோ வந்தால் நிறுத்திவிட்டுக் கூப்பிடச் சொன்னார்கள்.

சிகிச்சையின்போது மயக்கத்தில் இருந்தேன். பிறகு படத்தில் காட்டி விளக்கினார்கள். கொலனோஸ்கோப்புக்குள்ளேயே மடித்த பலூனை அனுப்பி, சுருக்கத்தின் நடுவில் நிறுத்தி, தண்ணீர் ஏற்றி 12, 13.5, 15 மி.மீ. என்று படிப்படியாக விரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு அளவிலும் ஒரு நிமிடம் போலப் பிடித்து வைத்திருக்கிறார்கள். ஒரேயடியாக விரித்தால் கிழியும் ஆபத்து கூடும். சுருக்கத்துக்குள் புற்றுநோய் ஒளிந்திருக்கக்கூடும் என்பதால் அங்கிருந்து சதையும் எடுத்தார்கள். அந்த முடிவு வரும் வரை வீட்டில் யாருக்கும் நிம்மதியில்லை. நல்லபடியாகத்தான் வந்தது.

அன்றிரவு கவனிப்பில் வைத்திருந்தார்கள். காற்று அடைத்த வலி சாதாரணம். வலி கூடிக்கொண்டே போவது, வயிறு கல்லாக இறுகுவது, காய்ச்சல், ரத்தப்போக்கு இதில் எது வந்தாலும் உடனே சொல்ல வேண்டும். மறுநாள் கஞ்சி குடித்தேன், வலி வரவில்லை. வலியில்லாத வயிறு எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது.

பலூன் வழியைத் திறக்கிறது, நோயை நிறுத்துவதில்லை. பலருக்கு ஓரிரு வருடத்தில் மறுபடி செய்ய வேண்டி வரும். எனக்கும் வந்தது. இரண்டாவது முறை 18 மி.மீ. வரை போனார்கள். குடல் வீக்கத்தை அடக்கும் அடலிமுமாப் ஊசி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தொடர்கிறது. அதைத் தொடங்கும் முன் டி.பி. பரிசோதனை கட்டாயம். புகைப்பவர்கள் நிறுத்தியே ஆக வேண்டும், க்ரோனை அது மோசமாக்கும். ஆபரேஷன் தேவைப்பட்டால் அதைத் தோல்வி என்று நினைக்காதீர்கள். நீளமான சுருக்கத்துக்கு அதுதான் சரியான வழி. வெட்டித் தைத்த இடமே பின்னால் சுருங்கினாலும் அங்கேயும் பலூன் போடலாம்.

சுருக்கத்தின் நீளம், எந்த அளவு வரை விரித்தார்கள், அதன் பிறகு ஸ்கோப் அந்தப் பக்கம் போனதா, இந்த மூன்றும் ரிப்போர்ட்டில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அடுத்த முறை டாக்டர் முதலில் கேட்பது இவற்றைத்தான். இடையில் எப்போதாவது வாந்தி நிற்காமல், வயிறு உப்பி, காற்றும் பிரியாமல் போனால், விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.